கருப்பர் மேல் போட்ட பழி

22.9.2024, ஞாயிறு

பிரகதிக்கு,

ஆனந்தராஜ் எழுதுகிறேன். இருபத்திரண்டு நாளாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சோறு இறங்குகிறது, கை நடுக்கம் நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய்? கீரனூரில் ஏழரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா, இல்லை திருச்சி வரைக்கும் நின்றுகொண்டேதான் போகிறாயா? ஹரிணிக்குக் காதில் சீழ் ஏதும் வரவில்லையே?

இந்தக் குடி மறுவாழ்வு இல்லத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் முடியும்வரை கடிதம்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. சிரிக்காதே.

இங்கே ஆரோக்கியதாஸ் என்று ஒரு சார் இருக்கிறார். அவரே பழைய குடிகாரர். பதினாலு வருசமாகத் தொடவில்லை. ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, "குடிய எடுத்துட்டா மிச்சம் நிக்கிற ஆளு யாருன்னு எழுதுங்க" என்றார். கெட்ட குணம் ஒரு பக்கம், நல்ல குணம் ஒரு பக்கம். அதை வீட்டில் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். எங்கே பொய் சொல்லியிருக்கிறேன் என்று அவர்கள் எழுத வேண்டும். அந்தப் பதில் சரியாக வராமல் வீட்டுக்கு விடமாட்டாராம். நவம்பர் முப்பதில் எனக்கு மூன்று மாதம் முடிகிறது.

கெட்ட பக்கம் தன்னால் நிரம்பிவிட்டது. வாயைத் திறந்தால் பொய். தங்கமுத்து அண்ணன் ரிப்பேருக்குக் கொடுத்த போர் மோட்டாருக்குப் புதுக் கம்பி என்று சொல்லிப் பழைய கம்பியில் காயில் கட்டிக் கொடுத்தது. நீ வேலைக்குப் போகும் ஜவுளிக்கடையில் யாரோடு பேசுகிறாய் என்று சந்தேகப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே கருப்பரிடம் செய்த துரோகம். தை மாதம் அவர் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு, ஹரிணி தலையில் கை வைத்து, "இந்தக் கயிறு கட்டுன வருசத்துல குடிச்சேன்னா எம் மகளக் கேட்டுக்க" என்று சத்தியம் செய்தேன். சித்திரையில் கயிற்றை நானே அவிழ்த்து மீட்டர் பெட்டி ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்தேன். அன்றைக்கே அவள் தண்ணீர்த் தொட்டிப் படியில் விழுந்து காது போயிற்று. இங்கே வந்த முதல் வாரம் நடுங்கிக்கொண்டு கிடந்தேனே, அப்போது கட்டில் கால்மாட்டில் அரிவாளோடு நின்றார், பிரகதி. சத்தியமாக நின்றார். நாக்கு ஊறும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். ஊறின நாக்கு காய்ந்துபோகிறது.

நல்ல பக்கத்தில் எழுத ஒன்றுதான் கிடைத்தது. எவ்வளவு குடித்தாலும் பிள்ளை மேல் கை வைத்ததில்லை.

படித்துவிட்டு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனந்தராஜ்

29.9.2024

மாமாவுக்கு,

பிரகதீஸ்வரி எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதைக் கேட்க எனக்கே அதிசயமாக இருக்கிறது. பஸ்ஸில் உட்கார இடமா? நிற்க இடம் கிடைத்தாலே பெரிய யோகம்.

கெட்ட பக்கம் சரி. சரியென்றால், குறைத்து எழுதியிருக்கிறீர்கள். சந்தேகப்பட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, பெரிய மனுசர். மேனேஜர் பெயரைச் சொல்லி என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டீர்கள். எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதே தெருவில் தலை நிமிர்ந்து பஸ்ஸுக்குப் போனேன் பாருங்கள், அதற்கே எனக்கு ஒரு மாலை போட வேண்டும். என் தம்பி கல்யாணத்தில் பந்தியில் வாந்தி எடுத்தது எங்கே? தங்கமுத்து அண்ணன் மோட்டார் இரண்டாவது தடவையும் எரிந்துபோனது. அவர் வந்து கத்தினபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று என்னைச் சொல்ல வைத்தீர்கள். அந்தப் பொய்யையும் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கத்தையும் படித்தேன்.

ஹரிணிக்குக் காலாண்டு லீவு. சீழ் இல்லை, மருந்து விடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் போகிறாள். கருப்பர் கோயில் வழி அரை மைல் குறைவு என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

கொசு அதிகமாக இருந்தால் போர்த்திக்கொண்டு படுங்கள்.

பிரகதீஸ்வரி

9.10.2024

பிரகதிக்கு,

கடிதம் வந்தது. பந்தியில் வாந்தி எடுத்ததைச் சேர்த்துவிட்டேன். நீ நலமாக இருப்பதை உன் கோபத்திலேயே தெரிந்துகொண்டேன். எனக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

சாரிடம் உன் பதிலைக் கொடுத்தேன். மனுசன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, "நல்ல பக்கத்தையும் படித்தேன்" என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டார். "கெட்டதுக்கு அரைப் பக்கம் சண்ட போட்டவங்க, நல்லதுக்கு ஏன் வாயத் தொறக்கல?" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். என்னிடம் இருக்கிற ஒரே நல்லது அது. அதிலும் கை வைக்கிறாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். குடிதான் என்னைக் கெடுத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பொய். குடிக்காத நாளிலும் தட்டை ஓங்கி வைப்பேன், நீ திடுக்கிட வேண்டும் என்று. நீ திடுக்கிட்டால் எனக்கு உள்ளே ஒரு திருப்தி. இதை எழுதும்போது என்னையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. இதெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் பிள்ளை விசயத்தில் நான் சுத்தம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே படுத்து எழுந்திருக்கிறேன்.

சித்திரையில் கயிற்றை அவிழ்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. மறுநாள் நீ சொன்னதுதான். நீ "சரி" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், சாருக்குக் காட்டிவிடுவேன்.

வேறு ஏதாவது இருக்கிறதா, பிரகதி?

ஹரிணியிடம் கேட்டதாகச் சொல்.

ஆனந்தராஜ்

14.10.2024

மாமாவுக்கு,

சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சரி. பிள்ளை மேல் கை வைத்ததில்லை. சரி. சாரிடம் காட்டுங்கள்.

இங்கே நல்ல மழை. கூரையில் ஓட்டை விழுந்த இடத்தில் குண்டான் வைத்திருக்கிறேன். தீபாவளி நெருங்குவதால் கடையில் கூட்டம் தாங்கவில்லை, கால் வீங்கிக் கிடக்கிறது. அடுப்பில் தோசை கருகுகிறது. இத்துடன் முடிக்கிறேன்.

பிரகதீஸ்வரி

24.10.2024

பிரகதிக்கு,

கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவை. நான் தேவலை. உன் "சரி" வந்த அன்று மத்தியானம் கூட ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சார் மட்டும் அதைப் படித்துவிட்டு, "ம்" என்றார். கிடக்கட்டும், அவருக்கு எல்லாம் சந்தேகம்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கண்ணுசாமி பூசாரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். முப்பதாம் தேதி வெளியே வருகிறேன். மறுநாள் ஞாயிறு, டிசம்பர் ஒன்று. கருப்பருக்குக் கிடா வெட்டு. பங்காளிகள் எல்லாரையும் கூப்பிட வேண்டும். நான் விழுந்து கும்பிட்டால் மட்டும் போதாது. சத்தியம் ஹரிணி தலையில் அல்லவா? அவளைக் குளிக்க வைத்து, ஈரத்துணியோடு கருப்பர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். பூசாரி சாமியாடி வந்து, "ஒரு காது போதுமா?" என்று கேட்பார். அவள் தன் வாயாலேயே "மன்னிச்சிரு சாமி" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு நேராக வரும். அது நடக்காமல் வீட்டு வாசலை மிதிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடியும் நான் தவறினால் என்ன கேட்பாரோ?

பிள்ளையைத் தயார் செய்து வை. தீபாவளிக்கு அவளுக்குச் சுடிதார் எடுத்துக் கொடு.

ஆனந்தராஜ்

12.11.2024

மாமாவுக்கு,

தீபாவளிக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவை கிழித்துப் போட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படித்து முடித்த பிறகு எப்படி இருப்பீர்களோ.

போன வாரம் கண்ணுசாமி பூசாரி வீட்டுக்கு வந்தார். கிடா, தேதி, ஈரத்துணி எல்லாம் சொல்லிவிட்டு, "புள்ளைய மூணு நாளைக்கு விரதம் இருக்கச் சொல்லுத்தா" என்றார். ஹரிணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் போனதும் பார்த்தால் பிள்ளையைக் காணோம். அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, இன்னொரு காதையும் கேப்பாரா?"

இனிமேல் மறைத்தால் நான் மனுசியே இல்லை.

தொட்டிப் படியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இருக்கும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆணியில் தொங்கின கயிற்றை அவள் பார்த்துவிட்டாள். எடுத்துக்கொண்டு ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக் கட்டப் பார்த்தாள். "கட்டிக்கங்கப்பா, கட்டிக்கங்கப்பா, கருப்பரு என்னையத்தானே கேப்பாரு" என்று அழுதாள். ஒரு தடவை உதறினீர்கள். அவள் மறுபடியும் வந்து முடிச்சுப் போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தீர்கள். கன்னத்தில், இடது காதோடு சேர்த்து. ரத்தம் வந்தது. நீங்கள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் எழுந்து, "பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டீர்களே, அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை சொல்ல வரவில்லை. கருப்பர் கேட்டுவிட்டார் என்றேன். நீங்கள் நடுங்கினீர்கள். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. இதை வைத்தே இந்த மனுசனைக் குடியிலிருந்து இழுத்துவிடலாம் என்று. நாலு மாதம் பயந்து பயந்து கூடுதலாகக் குடித்தீர்கள். ஆவணியில் நீங்களே அங்கே போகிறேன் என்றீர்கள்.

அவளிடம் சொன்னதுதான் பெரிய பாவம். அடித்தது நீங்கள் என்று அவளுக்குத் தெரியுமே. அப்பனை வெறுத்துவிடக் கூடாதே என்று, "அப்பா அடிக்கலடி, சத்தியத்த மீறுனதுக்குக் கருப்பருதான் அப்பா கையில எறங்கி அடிச்சாரு" என்றேன். நம்பிவிட்டாள். உங்களுக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய். அன்றிலிருந்து கோயில் வழி நடக்கமாட்டாள். உடுக்கைச் சத்தம் கேட்டால் நல்ல காதையும் பொத்திக்கொள்வாள். ஒன்றும் செய்யாத சாமியைப் பார்த்து என் பிள்ளை ஏழு மாதமாகச் செத்துப் பிழைக்கிறாள். சாருடைய நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

சாமி பயத்தில்தான் நீங்கள் குடியை விட்டீர்கள். அந்தப் பயத்தை என் கையாலேயே எடுத்துவிட்டேன். இனிமேல் உங்களை எது பிடித்து நிறுத்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

கிடா வெட்டு வேண்டாம். பதில் எழுதுங்கள்.

பிரகதீஸ்வரி

21.11.2024

மாமாவுக்கு,

ஒன்பது நாளாகிவிட்டது. உயிரோடு இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். ஆரோக்கியதாஸ் சார்தான் எடுத்தார். "இருக்காரும்மா. யார்கூடயும் சரியாப் பேசல. நேத்து கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டாரு" என்றார். கேட்டைத் தாண்டினால் டாஸ்மாக் கடை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

திருச்சியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறேன். நீங்கள் இறங்கிவிடுவீர்களோ என்று பயம். இறங்காமல் வேறெங்காவது போய்விட்டீர்களோ என்றும் பயம். இந்தப் பொம்பளை எந்தப் பயத்தைத்தான் படுவாள்? நேற்று கடையில் ஒரு அம்மாவுக்குப் பச்சைச் சேலை கேட்டால் நீலத்தை எடுத்துப் போட்டேன்.

பூசாரியிடம் கிடா இல்லை என்று சொல்லிவிட்டேன். சாமி காரியத்தை நிறுத்தலாமா என்று குதித்தார். சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். ஹரிணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

திட்டியாவது எழுதுங்கள். வெறும் கார்டில் எழுதினால்கூடப் போதும்.

பிரகதீஸ்வரி

23.11.2024

பிரகதிக்கு,

இருக்கிறேன். குடிக்கவில்லை. முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

உன் கடிதத்தைக் கக்கூஸில் உட்கார்ந்து படித்தேன், யாரும் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. படித்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? அழுகை இல்லை. சந்தோசம். கருப்பர் ஒன்றும் செய்யவில்லை, அப்படியென்றால் இனிமேல் பயமில்லாமல் குடிக்கலாம் என்று ஒரு சந்தோசம். ஒரு நிமிசம் இருக்கும். பிள்ளை காது போன கதையைப் படித்துவிட்டு ஒரு அப்பனுக்கு வந்த நினைப்பு இது. அதற்கு அப்புறம்தான் என் கையைப் பார்த்தேன். அரிவாளோடு கால்மாட்டில் நின்றதாக எழுதினேனே, அது நான்தான் போலிருக்கிறது.

கேட் வரைக்கும் போனது உண்மை. வாட்ச்மேன் தடுக்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் நின்று, ஏறுகிறாயா என்பது போல் கண்டக்டர் பார்த்தார். ஏறினால் எங்கே இறங்குவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்து சாரை எழுப்பி, உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

நல்ல பக்கத்தில் இருந்த ஒரே வரியை அடித்துவிட்டேன். அந்தப் பக்கம் இப்போது காலி. அந்த ஒரு நிமிசச் சந்தோசத்தைக் கெட்ட பக்கத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபமில்லை. உன்னை அப்படிப் பொய் சொல்ல வைத்தவன் நான். எல்லாப் பழியையும் சாமி மேல் போட்டுவிட்டு நான் சுகமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதி வரமாட்டேன். ஹரிணி வரச் சொன்னால் வருகிறேன். அவள் வேண்டாம் என்றால், இங்கே ஒரு மோட்டார் கடையில் வேலை இருக்கிறதாம், சேர்ந்துகொள்கிறேன். உள்ளே மடித்து வைத்திருப்பதை அவளிடம் கொடு. அவளே படிக்கட்டும்.

ஆனந்தராஜ்

ஹரிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாக அம்மா எழுதியிருந்தாள்.

சித்திரை மாதம் உன்னை அடித்தது கருப்பர் இல்லை. அவர் என் கையில் இறங்கவில்லை. நான் குடித்திருந்தேன், நான்தான் அடித்தேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ததே தப்பு. குடித்தால் என்னைக் கேள் என்று சொல்ல எனக்குப் பயம், அதனால் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். கருப்பருக்கு உன் மேல் எந்தக் கோபமும் இல்லை. நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

உன் காது என்னால் போனது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. நான் வீட்டுக்கு வரலாமா, கூடாதா என்று நீ சொல். என்ன சொன்னாலும் கேட்கிறேன். அம்மாவுக்காகச் சொல்லாதே, உனக்குத் தோன்றுவதைச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

28.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹரிணி எழுதுவது. எனக்கு உடம்பு சரியாகிவிட்டது. உங்களுக்கு இரண்டு கிலோ கூடியிருப்பதாக அம்மா சொன்னார்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அடித்தது உங்கள் கைதான் என்று எனக்கு அப்போதே தெரியும், நான் அதைப் பிடித்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் அம்மா சொன்னதை நம்பினேன். நம்பினால்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

நேற்று கோயில் வழியாகப் பள்ளிக்கூடம் போனேன். சுடர்விழி கூட வந்தாள். நின்று கருப்பரை நிமிர்ந்து பார்த்தேன். மீசையில் எறும்பு ஊர்ந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை. பாவமாக இருந்தது. இத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அப்பா, அவரிடம் இருந்த பயம் எல்லாம் இப்போது உங்களிடம் வந்துவிட்டது. கோவித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டதால்தான் எழுதுகிறேன். நேற்று யாரோ செருப்பை உதறிவிட்டு வாசலில் ஏறின சத்தம் கேட்டது, நீங்கள் என்று நினைத்து ரூமுக்குள் ஓடிவிட்டேன். பால்காரர்தான்.

உங்களை வரச் சொல்லவா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வாங்க அப்பா. இனிமேல் என் தலையில் கை வைத்து எந்தச் சத்தியமும் செய்ய வேண்டாம். உங்கள் தலையிலும் வேண்டாம், எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது. மோட்டார் கடை வேலை பற்றி அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. பகலில் வாங்க. என் இடது பக்கமாக வந்து நிற்காதீர்கள். அந்தப் பக்கம் யார் வந்தாலும் எனக்குக் கேட்காது. திரும்பும்போது திடீரென்று நீங்கள் நின்றால் நான் கத்திவிடுவேன், உங்களுக்கும் சங்கடமாகப் போய்விடும். வலது பக்கமாக, கொஞ்சம் தள்ளியே நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் திரும்பி, நீங்கள்தான் என்று பார்த்த பிறகு பக்கத்தில் வாங்க.

இப்படிக்கு,
ஹரிணி